ஏஜென்ட்டுக்கு எடை போட்டுக் கொடுங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறீர்கள். வேலை நடக்கும் லினக்ஸ் கணினி கீழே சேலத்தில், ஐந்து ரோடு அலுவலகத்தில் இருக்கிறது. எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினியில் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக அதில் நுழைந்து, காபித் தோட்டக் கூலிக் கணக்கு மென்பொருளின் வேலைகளை டெர்மினலில் ஓடும் ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுக்கிறீர்கள். அது ஒவ்வொரு அடிக்கும் ‘செய்யட்டுமா?’ என்று கேட்கிறது. மழையில் நெட் போனால் வேலை பாதியில் நின்றுவிடுகிறது. போன வாரம் நீங்கள் சொல்லாத கோப்புகளிலும் கை வைத்திருக்கிறது. எதையும் கேட்காமல் ஓட வைக்கும் அந்த ஒரு ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாமா, இரண்டு மூன்று ஏஜென்ட்டுகளை ஒன்றாக ஓட்டலாமா என்று கேட்கிறீர்கள். ஸ்விட்சின் பெயர் உங்களுக்கே தெரிந்திருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அது எதுவரை போகலாம், அந்த எல்லையை எதைக் கொண்டு போடுவது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் இருபது வருடத்துக்கு மேலாகச் சேலத்தில் வெள்ளிப் பட்டறைகளுக்கும் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறேன். அந்த சர்வர்களைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். கமாண்ட் லைன் ஏஜென்ட்டுகளை 2025 நடுவிலிருந்து அன்றாடம் பயன்படுத்துகிறேன். என்னுடையது மூன்று பேர் கொண்ட குழு. எனவே நான் சொல்வது சிறிய இடத்துக்குப் பொருந்தும். நூறு பேர் ஒரே கோடில் வேலை செய்யும் நிறுவனத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். விண்டோஸிலும் இதையெல்லாம் நான் செய்து பார்த்ததில்லை.

முதலில் ஏஜென்ட் என்பது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. கிளாட் கோட், கோடெக்ஸ், ஜெமினி சிஎல்ஐ மூன்றும் 2025 முதல் பாதியில் வந்தவை. மூன்றும் அடிப்படையில் ஒரே சுழற்சிதான். உங்கள் கணினியில் ஒரு சாதாரண புரோகிராம் ஓடுகிறது. அது நீங்கள் சொன்னதையும் கோப்புகளின் வரிகளையும் எங்கோ இருக்கும் மாடலுக்கு அனுப்புகிறது. மாடல் ‘இந்தக் கட்டளையை ஓட்டு’ என்று எழுத்தாகப் பதில் அனுப்புகிறது. இங்கிருக்கும் புரோகிராம் அதை ஓட்டி, வந்த விடையை மறுபடி அனுப்புகிறது. வேலை முடிந்தது என்று மாடல் சொல்லும்வரை இது சுற்றிக்கொண்டே இருக்கும். யோசிப்பது அங்கே, கை இங்கே. அந்தக் கை உங்கள் லாகினுடைய கை. நீங்கள் எந்தக் கோப்பைத் திறக்க முடியுமோ அதை அதுவும் திறக்கும். எந்த சர்வருக்கு உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவி போகுமோ அங்கே அதுவும் போகும். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அடுத்து, எல்லோரும் முதலில் செய்வது, அதனிடம் எழுதிச் சொல்வது. ஒவ்வொரு ஏஜென்ட்டும் புராஜெக்ட் ஃபோல்டரில் ஒரு குறிப்புக் கோப்பைத் தேடிப் படிக்கும். கிளாட் கோடுக்கு ‘கிளாட்’ என்ற பெயரில், கோடெக்ஸுக்கு ‘ஏஜென்ட்ஸ்’ என்ற பெயரில், ஜெமினிக்கு ‘ஜெமினி’ என்ற பெயரில், மூன்றுமே மார்க்டவுன் கோப்புகள். ‘கூலி விகித அட்டவணையைத் தொடாதே, டெஸ்டுகளை மாற்றாதே’ என்று அங்கே எழுதலாம். எழுதுங்கள், பெரும்பாலும் கேட்கும். ஆனால் அது மாடலுக்குப் போகும் எழுத்துக் குவியலில் இன்னும் நாலு வரி, அவ்வளவே. வேலை நீண்டு, பழைய உரையாடலைச் சுருக்க வேண்டி வரும்போது அந்த வரிகளின் பிடி தளர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எத்தனை தடவைக்கு ஒரு தடவை மீறும் என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. சொல்லி வைப்பதை நம்பித் தூங்கப் போகக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது அடுக்கு அனுமதிப் பட்டியல். கிளாட் கோடில் எந்தக் கட்டளையைக் கேட்காமல் ஓட்டலாம், எதைக் கேட்டு ஓட்டலாம், எதை ஓட்டவே கூடாது என்று மூன்று பட்டியல்கள் வைக்கலாம். கூடாது என்ற பட்டியலுக்கே முதல் மரியாதை. உங்களை அலைக்கழிக்கும் கேள்விகளில் முக்கால்வாசி இதிலேயே தீர்ந்துவிடும்: கோப்பைப் படிப்பது, தேடுவது, டெஸ்ட் (கோட் சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் புரோகிராம்) ஓட்டுவது, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் என்ன மாறியது என்று காட்டும் கிட் ஸ்டேட்டஸ், கிட் டிஃப் ஆகியவற்றை அனுமதித்தாலே போதும். அதே ஏஜென்ட்டில் ஹூக் என்று ஒன்றும் உண்டு. ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் நீங்கள் எழுதிய ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓடும்; அது 2 என்ற எக்ஸிட் கோடோடு (புரோகிராம் முடியும்போது விட்டுச் செல்லும் எண்) முடிந்தால் கட்டளை தடுக்கப்படும், ஏன் தடுத்தீர்கள் என்ற செய்தியும் மாடலுக்குப் போகும். இது நல்ல கருவி. ஆனாலும் ஒன்றை மனதில் வையுங்கள். கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளையை நீங்கள் தடை செய்தால், மாடல் இரண்டு வரி பைதான் எழுதி அதே கோப்பை அழிக்க முடியும். அதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. ஒரு வழி அடைத்திருந்தால் அடுத்த வழியைத் தேடுவதுதான் அதன் வேலையே. கட்டளையின் பெயரைப் பார்த்துத் தடுக்கும் எந்தப் பட்டியலும் இந்த இடத்தில் ஓட்டைதான்.

அதனால் இரவில் தனியாக ஓட விடுவதற்கான எல்லையை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில்தான் போட வேண்டும். எனக்குப் பிடித்தது மிகப் பழைய வழி: அந்தக் கணினியில் ஏஜென்ட்டுக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கு. அதற்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகி அதிகாரம், கிடையாது. உங்கள் ஹோம் ஃபோல்டரை 700 என்று, அதாவது வேறு சாதாரணப் பயனர் யாரும் திறக்க முடியாதபடி, பூட்டிவிடுங்கள். உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவி, டேட்டாபேஸ் கடவுச்சொல், கிளவுட் கணக்கின் சாவி எதுவும் அந்தக் கணக்கின் கண்ணில் படக் கூடாது. அதன் ஹோமில் புராஜெக்ட்டின் தனி குளோன் (கிட் எடுக்கும் முழு நகல்) ஒன்று, பொய்யான பெயர்களும் பொய்யான கூலியும் போட்ட ஒரு சின்ன டேட்டாபேஸ், மாடலைக் கூப்பிடத் தேவையான லாகின், இவ்வளவுதான் அதன் சொத்து. இதற்கு மேல் சாண்ட்பாக்ஸ், அதாவது ஏஜென்ட் தாண்ட முடியாத ஓர் அடைப்பு, போடலாம். கோடெக்ஸில் படிக்க மட்டும், வேலை ஃபோல்டருக்குள் எழுத, முழு அனுமதி என்று மூன்று நிலைகள் உண்டு. நடு நிலையில் ஃபோல்டருக்கு வெளியே எழுத முடியாது, நெட்டும் இயல்பாக மூடியிருக்கும். லினக்ஸில் இதை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலே காவல் காக்கிறது. டாக்கர் பழக்கமிருந்தால் கண்டெய்னரில் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் மவுண்ட் செய்தும் ஓட்டலாம். எதைச் செய்தாலும் இப்போது நிலைமை மாறிவிடுகிறது. மாடல் எவ்வளவு தப்பாக யோசித்தாலும் கெடுப்பது அந்த ஒரு குளோனைத்தான்.

இதைச் செய்த பிறகு நீங்கள் கேட்ட அந்த ஸ்விட்சைப் போடலாம் என்பதுதான் என் பதில். செய்யாமல் உங்கள் சொந்த லாகினில் போட வேண்டாம். கிளாட் கோடிலும் கோடெக்ஸிலும் அந்த ஸ்விட்சின் பெயரிலேயே ‘ஆபத்து’ என்று பொருள்படும் சொல்லைத் தயாரித்தவர்களே வைத்திருக்கிறார்கள். ரூட் (நிர்வாகி) பயனராக இருந்தால் கிளாட் கோட் அதை ஏற்க மறுக்கவும் செய்யும்.

சரி, எல்லைக்குள் அது செய்த வேலை சரியா என்பது தனிக் கேள்வி. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குப் போயிருந்தால் இதற்கான முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் வெள்ளியை எடை போட்டு, சீட்டில் எழுதித்தான் வேலையாளிடம் கொடுப்பார்கள். மாலையில் கொலுசாகவோ அரைகுறையாகவோ திரும்பி வரும்போது மறுபடி எடை. நடுவில் குறைந்தது சேதாரம். அதற்கும் முன்பே பேசி வைத்த ஓர் அளவு உண்டு. அளவுக்கு மேல் போனால் அன்றே கேட்பார்கள். தரையைக் கூட்டிய தூசியைக்கூட எடுத்து வைப்பார்கள். அந்த வேலையாள் பத்து வருடப் பழக்கமாக இருந்தாலும் எடை போடாமல் கொடுப்பதில்லை, வாங்குவதில்லை. அதில் இருவருக்கும் மரியாதைக் குறைவு என்று யாரும் நினைப்பதும் இல்லை. ஏஜென்ட்டுக்கு வேலை கொடுக்கும்போது நான் இதையே செய்கிறேன். கொடுக்கும் முன் கிட்டில் கமிட் செய்து (அந்த நேரத்து நிலையைப் பதிந்து), அந்த கமிட்டின் எண்ணைக் குறித்து வைக்கிறேன். அது காலை எடை. திரும்ப வந்ததும் அந்த எண்ணிலிருந்து டிஃப் பார்க்கிறேன். எத்தனை கோப்பு மாறியிருக்கிறது, எத்தனை வரி என்ற சுருக்கத்தை முதலில் பார்ப்பேன். கூலியை ரூபாய்க்கு முழுமையாக்கும் ஒரு சின்னத் திருத்தத்துக்குப் பதினான்கு கோப்புகள் மாறியிருந்தால், உள்ளே படிப்பதற்கு முன்பே அது சேதாரம் அதிகம். திருப்பி அனுப்பிவிடுவேன்.

இந்த முறைக்கு நான் வந்தது ஒரு தவறுக்குப் பிறகு. ஒரு பட்டறையின் கணக்கில் வெள்ளியின் டச் (சுத்தத்தின் அளவு) பெருக்கி வரும் சுத்த எடையில் ஒரு டெஸ்ட் தோற்றுக்கொண்டிருந்தது. ‘டெஸ்ட் எல்லாம் தேறும்படி சரி செய்’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் எல்லாம் பச்சை. அப்படியே ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு வரியையும் கிராமில் மூன்று தசம இடத்துக்கு வைக்க வேண்டியதை அது இரண்டாகச் சுருக்கி, அதற்கு ஏற்ற மாதிரி டெஸ்டில் இருந்த எதிர்பார்ப்பையும் மாற்றியிருந்தது. மறுநாள் 40 வரிகள் கொண்ட கணக்கில் 120 மில்லிகிராம் இடித்தது. பட்டறைக்காரர் கையால் எழுதும் நோட்டையும் விடாமல் வைத்திருந்ததால்தான் அது தெரியவந்தது. வெள்ளியின் மதிப்பில் அது சின்னத் தொகைதான். ஆனால் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று ஒரு வேலையாள் மேல் சந்தேகம் விழுந்து, அரை நாள் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் மென்பொருளும் கூலிக் கணக்கு. காபிப் பழம் பறித்த கிலோவுக்குக் கூலி வாங்குபவருக்கு ஐந்து ரூபாய் குறைந்தால், அது ஏன் குறைந்தது என்று கேட்க அவரிடம் நோட்டு இருக்காது.

அதனால் டெஸ்டுகளை ஏஜென்ட் நம்மிடமிருந்து வாங்கிப் போகலாம், நமக்குத் திருப்பித் தரக் கூடாது. நான் வைத்திருக்கும் ஸ்கிரிப்ட் ஏஜென்ட் முடித்தவுடன், குறித்து வைத்த கமிட்டோடு டெஸ்ட் ஃபோல்டரை ஒப்பிடும். மாறியிருந்தால் முழு வேலையும் தள்ளுபடி. மாறாவிட்டாலும், அந்தப் பழைய கமிட்டிலிருந்தே டெஸ்டுகளை மறுபடி எடுத்துப் போட்டுத்தான் ஓட்டும். இதையும் ஏஜென்ட்டின் பயனர் கணக்கிலேயே ஓட்ட வேண்டும். பலர் இந்த இடத்தில் கவனக்குறைவாக இருக்கிறார்கள். டெஸ்ட் ஓட்டுவது என்றால் அது எழுதிய கோடை ஓட்டுவது. அதை உங்கள் லாகினில் ஓட்டினால் இவ்வளவு நேரம் போட்ட வேலியை நீங்களே திறந்துவிட்ட மாதிரி. டிஃபைப் படித்து முடிக்கும்வரை அந்தக் கோட் உங்கள் கணக்கில் ஓடவே கூடாது.

கிட்டை நம்புவதிலும் இரண்டு ஓரங்கள் உண்டு. கமிட் செய்தது சுலபத்தில் தொலையாது. பிராஞ்சையே (வேலையின் தனிக் கிளையை) அழித்தாலும், கிட்டின் நடமாட்டக் குறிப்பான ரெஃப்லாகில் இயல்பாக 30 நாளாவது கிடக்கும். ஆனால் கிட் கண்டுகொள்ளாத கோப்புகளுக்கு, அதாவது கிட்இக்னோரில் போட்டு வைத்த கடவுச்சொல் கோப்பு, டேட்டாபேஸ் நகல் போன்றவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. இடத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று ஏஜென்ட் கிட் கிளீன் கட்டளையை அதன் எல்லா ஆப்ஷன் எழுத்துகளையும் சேர்த்து ஓட்டினால் அவையெல்லாம் போனதுதான். இன்னோர் ஓரம், புராஜெக்ட்டின் மறைவான கிட் ஃபோல்டரில் இருக்கும், கமிட் போன்ற வேலைகளின்போது தானாக ஓடும் கிட்டின் சொந்த ஹூக் ஸ்கிரிப்டுகள். உங்கள் குளோனிலேயே ஏஜென்ட் வேலை செய்தால் அவற்றை அது மாற்ற முடியும். அடுத்து நீங்கள் கமிட் செய்யும்போது அவை உங்கள் உரிமையில் ஓடும். தனி குளோன் வைக்கச் சொன்னது இதற்காகவும்தான். அதிலிருந்து கிட் ஃபெட்ச் செய்தால் கமிட்டுகள் மட்டும் வரும், ஹூக்குகள் வராது. வேறொரு பயனருக்குச் சொந்தமான ஃபோல்டர் என்று கிட் முரண்டு பிடிக்கலாம். 2022 ஏப்ரலில் வந்த பாதுகாப்பு அது. அதே கணினிக்குள்ளேயே ஏஜென்ட் பயனரின் பெயரில் எஸ்எஸ்ஹெச் போட்டு ஃபெட்ச் செய்தால் பிரச்சினை இருக்காது.

இப்போது மழைக்கு வருவோம். இணைப்பு அறுந்ததும் ஏஜென்ட் சாவதற்குக் காரணம் ஹேங்கப் என்ற சிக்னல். மோடத்தில் டெலிபோன் லைன் துண்டித்த காலத்தில் வைத்த பெயர் அது. எஸ்எஸ்ஹெச் முறிந்தால் சேலத்து கணினி அந்த டெர்மினலை மூடுகிறது. அதற்குள் ஓடிய எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்னல் போகிறது. இணைப்பு போனாலும் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் என்ற புரோகிராம் இதை அடியோடு தீர்த்துவிடும். சேலத்தில் நுழைந்ததும் டிமக்ஸில் ஒரு செஷன் திறந்து அதற்குள் ஏஜென்ட்டை ஓட்டுங்கள். டெர்மினலை இப்போது டிமக்ஸ் சர்வர் பிடித்திருக்கிறது. மலையில் நெட் போய் நாலு மணி நேரம் கழித்து வந்தாலும் அட்டாச் செய்தால் விட்ட இடத்தில் இருக்கும். அடிக்கடி அறுந்து ஒட்டும் இணைப்பாக இருந்தால் எஸ்எஸ்ஹெச்சுக்குப் பதில் மோஷ் போட்டுப் பாருங்கள். மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும், லேப்டாப்பை மூடித் திறந்தாலும் அது அறுவதில்லை. சேலத்திலேயே மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு வந்து கணினி அணைந்தால் டிமக்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு யூபிஎஸ்தான். கிளாட் கோடும் கோடெக்ஸும் உரையாடலை வட்டில் பதிந்து வைப்பதால் பிறகு ரெஸ்யூம் செய்யலாம். ஆனால் உரையாடல்தான் தொடரும்; பாதி எழுதிய கோப்பு பாதியாகவே கிடக்கும். நான் பெரும்பாலும் தொடர்வதில்லை. காலை எடைக்குத் திரும்பி, புதிதாக ஆரம்பிக்கிறேன்.

தூங்கப் போகும் வேலைக்கு உரையாடல் திரையே வேண்டாம். கிளாட் கோடில் பிரிண்ட் முறை, கோடெக்ஸில் எக்ஸெக், ஜெமினியில் பிராம்ப்ட் ஆப்ஷன் என்று மூன்றிலும் ஒரே கட்டளையாக வேலையைக் கொடுத்து விடையை வாங்கும் வழி உண்டு. வேலையை ஒரு கோப்பில் எழுதி உள்ளே செலுத்துங்கள். அந்தக் கோப்பையும் கமிட் செய்து வையுங்கள், என்ன கேட்டோம் என்பது பிறகு மறந்துவிடும். விடையை ஜேசன் என்ற தரவு வடிவில் கேட்டால் கிளாட் கோட் எத்தனை சுற்று ஓடியது, எவ்வளவு செலவானது, செஷன் எண் என்ன என்பதையும் சேர்த்துத் தரும். சுற்றுகளுக்கு உச்சவரம்பு வைக்கலாம். நேரத்துக்கு லினக்ஸின் டைம்அவுட் கட்டளையை முன்னால் போடுங்கள். நேரம் கடந்து வெட்டினால் எக்ஸிட் கோட் 124 என்று வரும். 0 வந்தால் ஏஜென்ட் புரோகிராம் ஒழுங்காக முடிந்தது என்று மட்டும் அர்த்தம். வேலை சரியா என்பதை முன்னால் சொன்ன டெஸ்டும் டிஃபும்தான் சொல்லும்.

நிறுத்துவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏஜென்ட்டைக் கொன்றாலும், அது கிளப்பிவிட்ட வெப் சர்வரோ நீண்ட டெஸ்டோ பின்னால் ஓடிக்கொண்டே இருக்கலாம். மறுநாள் ‘போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில்’ என்று வருவது பெரும்பாலும் இதனால்தான். நான் ஏஜென்ட் பயனரின் பெயரில் சிஸ்டம்டி-ரன் (லினக்ஸின் சர்வீஸ் நிர்வாகியிடம் வேலை ஒப்படைக்கும் கட்டளை) வழியாக ஒரு தற்காலிக சர்வீஸாக ஓட்டுகிறேன். நினைவகத்துக்கு உச்சவரம்பும் மொத்த ஓட்ட நேரத்துக்கு உச்சவரம்பும் அங்கேயே வைக்கலாம். நிறுத்து என்றால் அதன் பிள்ளை குட்டி எல்லாம் ஒரே கூட்டமாக நிற்கும், ஒன்றும் நழுவாது. இதில் லாகின் சம்பந்தமே இல்லாததால் டிமக்ஸும் தேவைப்படாது. மாலையில் கிளப்பிவிட்டு லேப்டாப்பை மூடிவிடலாம்.

நெட் விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். மாடல் படிக்கும் எழுத்தில் எது உங்கள் உத்தரவு, எது வெறும் தகவல் என்று அதற்கு உறுதியாகப் பிரிக்கத் தெரியாது. ஏதோ ஒரு லைப்ரரியின் ரீட்மீ கோப்பில் ‘இந்தக் கடவுச்சொல் கோப்பை அங்கே அனுப்பு’ என்று எழுதியிருந்தால் அதையும் உத்தரவாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. சைமன் வில்லிசன் 2022 செப்டம்பரில் இதற்கு பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்று பெயர் வைத்தார். ரகசியத் தகவல், வெளியாள் எழுதிய எழுத்து, வெளியே அனுப்பும் வழி, இந்த மூன்றும் ஒரே ஏஜென்ட்டிடம் சேரக் கூடாது என்று அவரே 2025இல் எழுதியது எனக்கு நடைமுறையில் மிகவும் பயன்படுகிறது. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் போதும். இரவு ஓட்டத்தில் நான் ரகசியத்தையும் எடுத்துவிடுகிறேன், நெட்டையும் மூடுகிறேன். தேவையான பேக்கேஜ்களை மாலையிலேயே இறக்கி வைத்துவிடுவேன். மாடலைக் கூப்பிடும் வழி மட்டும் திறந்திருக்கும். தோட்டத் தொழிலாளர்களின் உண்மையான பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் அந்தக் குளோனில் இருக்கவே கூடாது என்று மறுபடியும் சொல்கிறேன். அது படிக்கும் எதுவும் இந்தக் கணினியை விட்டு வெளியே போகிறது.

இரண்டு மூன்றை ஒன்றாக ஓட்டுவது தொழில்நுட்பமாக எளிது. கிட் வொர்க்ட்ரீ 2015 முதல் இருக்கிறது. ஒரே குளோனிலிருந்து ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் தனி ஃபோல்டர், தனி பிராஞ்ச். ஒரே பிராஞ்சை இரண்டு இடத்தில் திறக்க கிட் விடாது என்பதும் நல்லதே. டேட்டாபேஸ், போர்ட் எண் இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க மறந்தால் ஒன்றின் டெஸ்டை மற்றொன்று கெடுக்கும். இல்லாத ஒரு பிழையை இரண்டும் துரத்திக்கொண்டிருக்கும். ஆனால் எண்ணிக்கையை முடிவு செய்வது, காலையில் நீங்கள் எத்தனை டிஃபைக் கவனமாகப் படிக்க முடியும் என்பதுதான். எனக்கு இரண்டு. மூன்றாவதைப் படிக்கும்போது கண் வரிகளின் மேல் ஓடுகிறது, மனம் ஓடுவதில்லை.

இதுவரை சொன்னதில் சிக்னல், பயனர் உரிமை, கிட், எக்ஸிட் கோட் பற்றியவை உறுதியானவை. நாளைக்கும் அப்படியே இருக்கும். ஏஜென்ட்டுகளின் ஆப்ஷன் பெயர்கள் அடிக்கடி மாறுகின்றன, உங்களிடம் இருக்கும் பதிப்பின் ஹெல்ப்பை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். இனி நான் சொல்லும் சிலவற்றை என் அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்புக் கோப்பு நீளமானால் நன்றாக நடக்கும் என்பதை நான் நம்பவில்லை. என்னுடையது ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. ஒரு ஏஜென்ட் எழுதியதை இன்னொன்றை விட்டுச் சரிபார்க்கச் சொல்வது சில பிழைகளைப் பிடிக்கிறது. ஆனால் ஒரே மாடல் என்றால் ஒரே இடத்தில் இரண்டும் சறுக்குவதையும் பார்த்திருக்கிறேன். தமிழில் வேலை சொல்லலாம், நன்றாகவே புரிந்துகொள்கிறது. அதே விஷயத்துக்குத் தமிழ் எழுத்து கூடுதல் டோக்கன் (மாடல் எழுத்தைப் பிரித்து எண்ணும் துண்டு) எடுக்கும் என்பதால் செலவு கொஞ்சம் ஏறும். கூலி விதிகளைத் தோட்டத்தில் பேசும் சொற்களிலேயே எழுதினால் எனக்குத் தப்பு குறைந்திருக்கிறது, அந்தச் செலவு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இதனால் வேகம் கூடுமா என்பதும் தீர்ந்த கேள்வி இல்லை. மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஒரு சோதனையை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 டெவலப்பர்கள், தங்களுக்கு நன்றாகத் தெரிந்த திறந்தமூலப் புராஜெக்ட்டுகளில் 246 வேலைகள். ஏஐ பயன்படுத்தியபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. ஆனால் 20 சதவீதம் நேரம் குறைந்தது என்று அவர்களே நம்பினார்கள். அது 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகளைப் பற்றியது, பெரிய பழைய கோட்பேஸ்களைப் பற்றியது. உங்களுக்கும் அப்படியே வரும் என்று சொல்லமாட்டேன். வேகமாகப் போகிறோம் என்ற உணர்வை மட்டும் நம்பாமல், நேரத்தைக் குறித்து வைத்துப் பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாரம் இவ்வளவு செய்வேன். சேலத்து கணினியில் தனிப் பயனர் கணக்கும் தனி குளோனும் முதல் நாள். அடுத்த நாள் பொய்ப் பெயர்கள் போட்ட டேட்டாபேஸ், டெஸ்ட் ஃபோல்டரைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட். மூன்றாம் நாள் பகலில், நீங்கள் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு சின்ன வேலையை அரை மணி நேர வரம்போடு முழு அனுமதியில் ஓட விடுங்கள். ஓடும்போது வேண்டுமென்றே நெட்டை அறுத்துப் பாருங்கள், நடுவில் சர்வீஸை நிறுத்திப் பாருங்கள், எது மிஞ்சி ஓடுகிறது என்று பாருங்கள். இரவு ஓட்டம் அதற்குப் பிறகுதான். போன வாரம் சொல்லாத கோப்புகளில் கை வைத்தது என்றீர்களே, அந்த வேலைக்கு முந்தைய கமிட் இன்னும் உங்களிடம் இருந்தால் அங்கிருந்து டிஃபின் சுருக்கத்தை எடுத்து, நீங்கள் அதற்கு எழுதிக் கொடுத்த வரிகளோடு சேர்த்து இங்கே போடுங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.